கிராஸ் கல்ச்சுரல் அண்ணாச்சி

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை பேர் உயிரை எடுக்க முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் சங்கரலிங்கத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். அந்தப் பாக்கியம் பவுல்ராஜுக்கு வாய்த்தது. இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் சங்கரலிங்கம் தும்மினால் அந்தப் பக்கம் பவுல்ராஜின் மனைவி லூர்துமேரிக்குக் கேட்கும். அவர் கருத்துச் சொன்னாலும் கேட்கும். தும்மலாவது எப்போதாவதுதான் வந்தது.

சங்கரலிங்கம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வாலிபத்தில் தகரப் பெட்டியோடு வந்து தெர்மல் மின் நிலையத்தில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, பாய்லர் பக்கம் சார்ஜ்மேன் வரைக்கும் ஏறியவர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

நெய்வேலியில் எல்லா ஜில்லாக்காரர்களும் 'எங்க ஊர்ல' என்று ஒரு பேச்சு வைத்திருப்பார்கள். மதுரைக்காரர் மல்லிகைப்பூவைச் சொல்வார், கோயமுத்தூர்க்காரர் தண்ணீரைச் சொல்வார். சொல்லி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ரேஷன் வரிசையில் நகர்ந்துவிடுவார்கள். சங்கரலிங்கத்துக்கு மட்டும் அந்த நோய் முற்றிப்போனதற்குக் காரணம் அந்தச் சொல்தான்.

அது அவர் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்களுக்கென்று பயிற்சிக் கூடத்தில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். சங்கரலிங்கமும் பவுல்ராஜும் நைட் ஷிப்டு முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஏ.சி. பேராசிரியர் கரும்பலகையில் 'கிராஸ் கல்ச்சுரல்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஒரே காரியத்தை இந்தச் சனங்கள் எப்படிச் செய்கிறார்கள், அந்தச் சனங்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இந்தப் பேர், தமிழில் பண்பாட்டு ஒப்பீடு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அதுவரைக்கும் சங்கரலிங்கம் விழித்திருந்தார். 'ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு' என்று பேராசிரியர் அடுத்த வாக்கியத்துக்குப் போனபோது அவருக்குக் கண் சொருகிவிட்டது.

சங்கடம் என்னவென்று மற்றவர்கள் காதில் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பிடுகிறவன் தன் பழக்கத்தை எடைக்கல்லாக வைத்துக்கொண்டு ஊரார் பழக்கத்தை நிறுத்துப் பார்க்கக்கூடாது. அவனுடையதும் தட்டில் ஏறவேண்டிய சரக்குதான். அதோடு, வெளியூரில் பிழைக்கிறவனுக்குத் தன் பழக்கம் மாறிப்போனது கடைசியாகத்தான் தெரியும். இவ்வளவையும் அவர் உதாரணத்தோடு சொல்லிக்கொண்டிருக்க, சங்கரலிங்கம் குறட்டை விட்டார். பவுல்ராஜ் முழங்கையால் இடித்துப் பார்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். கண் விழித்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினார்.

குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் அது ஒரு மாலையோடு போகும். இது சொல். எடுக்க எடுக்கத் தீராது.

"கிராஸ் கல்ச்சுரலாப் பாத்தோம்னா பவுல்ராஜு, இந்தப் பக்கத்துச் சாம்பார் இருக்கே, அது ரசத்துக்கு அண்ணன்" என்று ஆரம்பித்தார். திருவதிகையிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் அம்மாள் 'வந்துகினு, போய்கினு' என்று பேசினால், வாசலில் நிற்கவைத்தே அவள் பேச்சைக் கிராஸ் கல்ச்சுரலாகப் பார்த்தார். அவள் பழத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த லைன் வீடுகளுக்குப் போய்விட்டாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் முதலில் வந்தால் ஒரு ஒப்பீடு, கடைசியில் வந்தால் ஒரு ஒப்பீடு. வழக்கு எதுவானாலும் தீர்ப்பு முன்பே எழுதி மடித்து வைத்திருந்தார்: சங்கரன்கோவில் உசத்தி, இந்தப் பக்கம் மட்டம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் காக்கை அதற்கு ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போவதில்லை.

டவுன்ஷிப்பில் பட்டப்பெயர் வைக்க யூனியன் அனுமதி தேவையில்லை. 'கிராஸ் கல்ச்சுரல் அண்ணாச்சி' என்ற பெயர் தெர்மல் கேண்டீனிலிருந்து புறப்பட்டு, அவருக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய ஒப்பீடுகளில் மகுடம் குலவை. "குலவைன்னா எங்க பக்கத்துப் பொம்பளைக போடணும். ஒரு நல்ல காரியம்னா நாக்கைச் சுழட்டிப் போட்டாகன்னா அடுத்த ஊருக்குக் கேக்கும். இந்தப் பக்கத்துல ஒரு கல்யாணத்துலயாவது கேட்டிருக்கியா? சத்தமே இல்லாத சனம்!"

"எங்க அம்மா வூட்டுப் பக்கம் நடவுல போடுவாங்களே அண்ணாச்சி" என்று லூர்துமேரி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அது சத்தம். நான் சொல்லுதது குலவை."

இதைச் சொன்னவர் இருபது வருஷத்தில் சேத்தியாத்தோப்பு வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறார். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவர் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தூக்கம் என்றதும் அந்த லைனின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்டு முடித்து வந்தவர் படுக்கப் போகும்போது வாசல் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார். துண்டு தொங்கினால் உள்ளே ஷிப்டுக்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரி கூவ மாட்டாள், ஐஸ்காரன் மணியைக் கையால் பொத்திக்கொண்டு போவான், பக்கத்து வீட்டு ரேடியோ தானாகக் குறையும். இதில் சங்கரலிங்கம் வீடுதான் கெடுபிடிக்குப் பேர்போனது. அவர் பகலில் படுத்தால் குக்கருக்குக்கூட விசில் அடிக்க உரிமை இல்லை. அவருடைய ஒரே மகள் சந்திரா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். உதட்டின் மேல் ஒரு விரல், ஒரு 'ஷ்ஷ்'. அந்த வீட்டின் பாஷை அது.

சந்திரா டைப்ரைட்டிங் முடித்து வீட்டில் இருந்தாள். அவளை ஊரில்தான் கட்டிக்கொடுப்பது என்று சங்கரலிங்கம் ஒற்றைக்காலில் நின்றார். பெண்ணின் சுகம், மாப்பிள்ளையின் குணம் என்றெல்லாம் வெளியில் சொன்னார். உள்ளே இருந்தது வேறு, அதை மனைவி கோமதியிடம்கூடச் சொன்னதில்லை. போன வருஷம் அம்மன் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தெருவில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, அவருக்கு மட்டும் நாற்காலி போட்டுச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "நெய்வேலிக்காரர் வந்திருக்காரு" என்றார்கள். மரியாதை என்று குடித்துவிட்டார். திரும்பி வரும் ரயிலில்தான் உறைத்தது, நாற்காலியும் சோடாவும் விருந்தாளிக்குக் கொடுப்பது. மகளை அங்கே கொடுத்துவிட்டால், ரிட்டயர் ஆகிப் போய் இறங்கும்போது 'நம்ம சங்கரலிங்கம் வந்துட்டான்' என்பார்கள். இல்லாவிட்டால் சாகிறவரைக்கும் சோடாதான். அவருக்கு அது பயமாக இருந்தது.

சம்பந்தம் கூடி வந்தது. சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கும் பையன். அப்பா அய்யாசாமி சொல் மாறாத ஆள். அவருடைய அக்கா சாமியம்மாள், ஊரில் எந்த நல்லது நடந்தாலும் முதல் குலவை அவள் போட்டால்தான் அது நல்லது. அவர்கள் பெண் பார்க்க வருகிறோம், பிடித்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்த வாரம் முழுக்கச் சந்திராவுக்கு ஒத்திகை நடந்தது. "வூடுங்கிற வார்த்தை உன் வாயில வரக்கூடாது. வீடு. சொல்லு."

"வீடு."

"வந்துகினு கிடையாது. வந்துக்கிட்டு. அவுக, இவுக. பெரியவுகளை வாங்க வாங்கன்னு ரெண்டு மட்டம் கூப்பிடணும். கிராஸ் கல்ச்சுரலாப் பாத்தா, இந்த லைன்ல வளர்ந்த பொண்ணுக்கு இதெல்லாம் வராது. நான்தான் வரவைக்கணும்."

"சரிப்பா" என்றாள் சந்திரா. கோயிலில் ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் மஞ்சத்தண்ணீர் தெளிப்பார்களே, அது தலையை ஆட்டும்வரைக்கும், அப்படித்தான் அவளைப் போட்டுப் படுத்தினார்.

முந்தின நாள் மாலை பவுல்ராஜ் நைட் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுக்கும்போது, சங்கரலிங்கம் வேலிக்கு வந்து நின்றார்.

"பவுல்ராஜு, நாளைக்குக் காலையில உனக்குத் தூக்கம் போச்சு. சாமியம்மா மைனி வாராக. குலவை போட்டாகன்னா உன் வீட்டு ஓடு பறக்கும்."

"ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க அண்ணாச்சி. நல்லா போடட்டும். ரெண்டு வருசமா சொல்லிகினே இருக்கீங்க, நானும்தான் ஒருவாட்டி காதால கேக்குறேன். நான் தூங்கவே போறதில்ல, பாருங்க."

"கேட்டுக்கோ. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்று சங்கரலிங்கம் பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்.

மறுநாள் காலை விருத்தாசலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார்கள். அய்யாசாமி, சாமியம்மாள், கூட இரண்டு பெண்கள். சாமியம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்தாள். வயற்காட்டில் இரண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் பேசிப் பழகிய தொண்டை அது. அவள் நலம் விசாரித்தபோது சங்கரலிங்கத்துக்குத் தோள் ஒரு தடவை தானாகக் குறுகியது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

சந்திராவைப் பற்றி அவர் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. இரண்டு தடவை வாங்க வாங்க என்றாள். வீடு வீடாகவே வந்தது. காபியைக் கொடுத்துவிட்டு, கேட்ட கேள்விக்கு அளவாகப் பதில் சொன்னாள். சாமியம்மாள் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். "நெய்வேலியில வளந்த பிள்ளைன்னு சொல்ல முடியாது. நம்ம பிள்ளைதான்."

சங்கரலிங்கத்துக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் ஊரில் இருந்தார். நாற்காலி இல்லாமல், தரையில்.

"அப்ப என்னவே, மாத்திருவோமா?" என்றார் அய்யாசாமி.

வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டை அய்யாசாமி எடுத்தார். தன் தட்டைச் சங்கரலிங்கம் எடுத்தார். இரண்டு தட்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டன. சாமியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, நிமிர்ந்து, வாயோரம் கையை வைத்துக்கொண்டு குலவையை எடுத்தாள்.

அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. கூடத்தில் மாட்டியிருந்த காலண்டர் தாள் அதிர்ந்தது.

சங்கரலிங்கத்தின் வலது கை தட்டிலிருந்து விலகியது. ஒரு விரல் உதட்டுக்குப் போனது. முகம் சுருங்கியது.

"ஷ்ஷ்! மெதுவா! பக்கத்து வூட்ல நைட் ஷிப்டு தூங்கிகினு இருக்காங்க!"

குலவை நின்றது. தட்டு சாய்ந்து ஒரு வாழைப்பழம் உருண்டுபோய்க் கோமதியின் காலடியில் நின்றது. சாமியம்மாள் வாயோரம் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். அறுபது வயதுக்கு மேல் ஆயிற்று, அவள் எடுத்த குலவையை இதுவரைக்கும் யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. சாவு வீட்டைத் தாண்டிப் போகும்போதுதான் நிறுத்துவார்கள்.

"என்ன சொல்லுதாரு இவரு?" என்று அவள் கோமதியைக் கேட்டாள். "எந்த ஊர்ப் பேச்சு இது?"

சங்கரலிங்கத்துக்கு அப்போதுதான் தன் விரல் தன் உதட்டில் இருப்பது தெரிந்தது. சட்டென்று கீழே இறக்கி வேட்டியில் துடைத்தார், விரல்தான் ஏதோ அழுக்கைப் பூசிக்கொண்டது என்பதுபோல. "இல்ல மைனி, அது வந்து, பழக்கதோசம்... நீங்க போடுங்க. நல்லாப் போடுங்க. அவன்ட்ட நேத்தே சொல்லி வச்சிருக்கேன்."

"போட்டதை நிறுத்திட்டு மறுபடி போடுததுக்கு இது என்ன பம்புசெட்டா?" என்றாள் சாமியம்மாள்.

அய்யாசாமி தன் தட்டைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சங்கரலிங்கம் காலில் விழுந்தாவது சரிசெய்திருப்பார்.

"தப்பா எடுத்துக்காதீக. பொண்ணு தங்கம். குறை ஒண்ணும் இல்ல. ஆனா நல்ல வாக்கு பாதியில அறுந்துபோச்சு, அதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன். எங்க வீட்டுல பத்துப் பேர் கத்திக்கிட்டே இருப்போம். உங்க வீட்டுல வாயைப் பொத்திக்கிட்டு இருக்கீக. இதுல எது சரி எது தப்புன்னு நான் சொல்ல வரல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கேன், ஒட்டல. நீங்க இந்த ஊருக்காரரா ஆயிட்டீக. அதுல என்ன இருக்கு? பொழைக்க வந்த இடம்."

ஏ.சி. அறையில் தூங்கித் தவறவிட்ட பாடத்தை, உரக்கடைக்காரரின் அப்பா கூடத்தில் நின்று நடத்தி முடித்துவிட்டார். ஃபீஸ் கொஞ்சம் அதிகம்.

"நான் உங்க ஆளுதான்யா!" என்றார் சங்கரலிங்கம். குரல் உடைந்துவிட்டது. ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் அவருக்கு உரக்கப் பேச வரவில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் அய்யாசாமி கைகூப்பி, "வாரோம், நெய்வேலிக்காரரே. ஊர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரணும்" என்றார். விருந்தாளியை அழைக்கிற அழைப்பு. சோடா நிச்சயம் இருக்கும்.

சந்திரா தலையில் இருந்த பூவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் சாத்தினாள். கோமதி உருண்ட பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். இருபது வருஷமாக அவள் ஒரு குறையும் சொல்லிக் கேட்டிராதவர், அன்றைக்குக் கேட்டார்.

"சந்திரா ஆளான அன்னைக்கு நான் குலவை எடுத்தேன். ஞாபகம் இருக்கா? நீங்க உள்ளே படுத்திருந்தீக. எந்திரிச்சு வந்து இதே விரலை வச்சீக. நான் முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் போட வரல. போட்டுப் பாத்தேன், ஒரு மட்டம் அடுப்படியில, நீங்க ஷிப்டுக்குப் போனப்ப. நாக்கு திரும்பல." அவள் தட்டைத் தூக்கிக்கொண்டாள். "ஊர் பூராம் போயி எங்க பக்கத்துக் குலவை, எங்க பக்கத்துக் குலவைன்னு சொல்லிட்டு வந்தீகளே. யாரு போட்ட குலவையை நீங்க கேட்டீக?"

கிராஸ் கல்ச்சுரலாக இதை எந்தப் பக்கத்தோடு வைத்துப் பார்ப்பது என்று சங்கரலிங்கத்துக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பவுல்ராஜ் நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். பின்னால் லூர்துமேரி கோயிலுக்குக் கட்டும் புடவையில் நின்றாள்.

"என்னங்க அண்ணாச்சி, வந்தவங்க கெளம்பிட்டாங்களா? நானும் இவளும் செவுத்தாண்ட சேர் போட்டு குந்திகினு இருக்கோம், காலையில இருந்து. கேட்ல துண்டுகூட போடலீங்க. என்னமோ ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஒண்ணையும் காணோம். கொலவை எப்பங்க போடுவாங்க?"

சங்கரலிங்கம் பக்கத்து வீட்டுக் கேட்டைப் பார்த்தார். துண்டு இல்லை. காலையிலிருந்து அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால் பார்த்திருப்பார்.

"போட்டாச்சு" என்றார். "மெதுவாத்தான் போட்டாங்க."

"அப்படிங்களா" என்றார் பவுல்ராஜ். மெதுவாகவும் போடுவார்கள் என்று அண்ணாச்சி இதுவரை சொன்னதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் பக்கத்து வழக்கம் அவர்களுக்குத்தானே தெரியும். நம்பினார். நல்லது நடந்தால் சரி என்று சொல்லிவிட்டு, கேட்டில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.